கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

(நாகரசம்பட்டியில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் கல்யாணத்து மொய் நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறதா? இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். ஏறக்குறைய எல்லாக் கையும் மேலே போகிறது. சரி, அதே கல்யாணத்தின் வீடியோ கேசட்? நாலைந்து கைதான். அதிலும் ஒரு அம்மா, "கேசட் இருக்குதுங்க, போட்டுப் பார்க்க டெக்குதான் இல்லை" என்கிறார்.

நான் பேச வந்ததே அந்த அம்மாவுக்காகத்தான். மொய் நோட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதனால் அது பீரோவில், நகைப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. மொய் வைத்தவரின் முகம், குரல், நடை எல்லாம் பதிந்த கேசட்டோ பரணில், உடைந்த டேபிள் ஃபேனுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. "அதான் டிவிடி போட்டாச்சே, இது எதுக்கு?" என்று போகிப் பண்டிகையில் எரித்தவர்களையும் எனக்குத் தெரியும்.

வீட்டு வீடியோவை வெட்டி ஒட்டி டிவிடியாக்குவது எப்படி என்று பேசத்தான் என்னை அழைத்தார்கள். சொல்கிறேன். ஆனால் நான் இந்தத் தொழிலில் மிக்ஸிங் ஆளாக இருந்தவன். எடிட்டிங் என்ற சொல் சினிமாக்காரர்களுக்கு. கல்யாண வீடியோவில் அதற்கு 'மிக்ஸிங்' என்றுதான் பேர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த தப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பேச்சு முழுமையாகும்.

கொஞ்சம் பழைய கதை. 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னாலேயே வீடியோ டெக்கும் வந்தது. திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அடுத்து வந்தது கல்யாண வீடியோ. தோளில் வைக்கும் பெரிய கேமரா ஒருவர் கையில், கண்ணைக் கூசும் லைட் இன்னொருவர் கையில், பின்னால் வயரைத் தூக்கிக்கொண்டு ஒரு பொடியன். அந்தப் பொடியனாகத்தான் நான் தொழிலுக்கு வந்தேன்.

1985-இல் சோனி நிறுவனம் 8 மில்லிமீட்டர் டேப்பில் ஓடும் ஹேண்டிகேமைக் கொண்டுவந்தது. 1995-இல் மினிடிவி என்ற டிஜிட்டல் கேசட் வந்தது. துபாயிலிருந்து வந்த மாமாவும், பெங்களூரில் சாப்ட்வேர் வேலைக்குப் போன அண்ணனும் அவற்றை நம் ஊர்ப் பக்கம் கொண்டுவந்தார்கள். அதுவரை ஸ்டுடியோக்காரன் எடுத்த வீடியோதான் இருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்காரரே எடுத்த வீடியோ தொடங்கியது. குழந்தை தவழ்வது, மாங்காய் இறக்குவது, எருது விடும் விழாவில் நம் வீட்டுக் காளை ஓடுவது, பாரூர் ஏரி நிரம்பி வழிவது, எல்லாம் கேசட்டுக்குள் போயின.

டிவிடி 1996 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் கிராமங்களுக்குள் அது நுழைந்ததற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. இன்னொன்று, மோசர் பேர் என்ற இந்திய நிறுவனம் சினிமா டிவிடியை 34 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. டிவி வீட்டுக்கு வந்தாயிற்று, மலிவான டிவிடி பிளேயரும் வந்தாயிற்று. "எங்க கல்யாண கேசட்டையும் டிவிடியா போட்டுக் குடுங்க" என்று கடை முன் கூட்டம் நின்றது. நாங்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், கேசட்டில் ஓடுவதைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கும் கேப்சர் கார்டும் கட்டுக்கட்டாக வெற்று டிவிடியும் வாங்கி வந்தோம். கிருஷ்ணகிரிக்காரனுக்குச் சென்னை ரிச்சி தெருவைவிடப் பெங்களூர்தானே பக்கம்!

இனி என் தப்பு.

மிக்ஸிங்கில் நாங்கள் முதலில் செய்தது சத்தத்தை அழிப்பது. கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் இரைச்சல், மேளம், மைக்செட், குழந்தை அழுகை, எல்லாம் கலந்து வரும். அதை ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவோம். நலங்குக்கு ஒரு பாட்டு, பெண் அழைப்புக்கு ஒரு பாட்டு, தாலி கட்டும்போது மட்டும் கெட்டிமேளம். இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம், பூக் கொட்டும் எஃபெக்ட், புத்தகம் புரள்வது போல் காட்சி மாறுவது. பார்த்தவர்கள் சினிமா மாதிரியே இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டு எங்களுக்கும் பெருமைதான்.

பல வருடம் கழித்து, போச்சம்பள்ளிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். ஓசூரில் வேலை. அக்கா கல்யாண டிவிடியைக் கையில் வைத்திருந்தார். அப்பா தவறிவிட்டார். டிவிடியில் ஓரிடத்தில் அப்பா சம்பந்தியோடு நின்று ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுகிறார். வாய் அசைகிறது, கேட்பது சினிமாப் பாட்டு. "இந்தப் பாட்டை மட்டும் எடுத்துடுங்க சார், அடியில அப்பா பேசுறது இருக்குமில்ல?" என்றார்.

இல்லை. பாட்டுக்கு அடியில் எதுவும் இல்லை. டெக்கிலிருந்து டெக்குக்குப் பதிவு செய்தபோதே பழைய சத்தம் போய்விட்டது. கேமராவில் ஓடிய மூலக் கேசட் இருந்தால் அதில் கிடைத்திருக்கும். ஆனால் கேசட் செலவை மிச்சப்படுத்த, அடுத்த வாரமே வேறொரு வீட்டுப் புதுமனை புகுவிழாவை அதன் மேலேயே பதித்துவிட்டோம். பதித்தவன் நான்.

அவர் கோபப்படவில்லை. "எங்க அப்பா வீட்ல தெலுங்குதான் சார் பேசுவாரு. எம் பையன் அதைக் கேட்டதே இல்லை. அன்னிக்கு என்ன பேசினாருன்னு உங்களுக்காவது ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அன்று பக்கத்தில் லைட் பிடித்து நின்றவனும் நான்தான். எனக்கு ஞாபகம் இல்லை.

நம்முடையது எல்லைப் பகுதி. ஒரே கல்யாணத்தில் மணமேடையில் தமிழும், சமையல்கட்டில் தெலுங்கும், ஆனேக்கல்லில் இருந்து வந்த உறவுக்காரர் வாயில் கன்னடமும் கேட்கும். பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போய், பாட்டியின் பேச்சு பேரனுக்கு எட்டாமல் போகும் வீடுகள் இங்கே பெருகிவிட்டன. நாங்கள் இரைச்சல் என்று துடைத்ததில் பாதி அந்தப் பேச்சுதான். ஆகவே வீட்டு வீடியோவை வெட்ட உட்காருகிறவர்களுக்கு என் முதல் விதி: படத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள், சத்தத்தில் கை வைக்காதீர்கள். பாட்டு வேண்டுமா? குரலை நிறுத்தாமல், தாழ்ந்த ஒலியில் அதனோடு சேர்ந்து வரட்டும். இன்றைய எடிட்டிங் மென்பொருளில் சத்தத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் உண்டு. எங்களுக்கு வாய்க்காத வசதி அது.

கேசட் ஏன் கெட்டுப்போகிறது என்று பார்ப்போம். மூன்று மணி நேர விஎச்எஸ் கேசட்டுக்குள் சுமார் 250 மீட்டர் நாடா இருக்கிறது, அரை அங்குல அகலத்தில். பாலியெஸ்டர் பட்டையின் மேல் காந்தத் துகளைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். டெக்குக்குள் ஒரு உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றி, அதிலுள்ள ஹெட் நாடாவை உரசித்தான் படம் வருகிறது. ஈரக்காற்று பட்டால் அந்தப் பசை மெல்ல மெல்லச் சிதையும். துகள் உதிர்ந்து ஹெட்டை அடைக்கும். திரையில் கோடு விழுவதும், பொரி பொரியாகத் தெறிப்பதும் அதனால்தான். மழைக்காலத்தில் பரணில் கிடந்த கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளை மாவு பூத்திருக்கும். அது பூஞ்சை. அப்படிப்பட்டதை டெக்கில் போடவே போடாதீர்கள். டெக்கையும் கெடுத்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

நாடாவுக்கு முன்னால் டெக் செத்துக்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு சிக்கல். உலகத்தில் கடைசியாக விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாவில் உள்ளவற்றைக் காப்பாற்றக் காலம் குறைந்துகொண்டே வருகிறது, 2025 வாக்கில் ஓட்டும் கருவிகளே அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோ 2019-இல் உலக ஒலி ஒளி ஆவணக் காப்பாளர்களோடு சேர்ந்து எச்சரித்தது. ஆகவே பக்கத்து வீட்டில் ஓடுகிற டெக் ஒன்று இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட விடாதீர்கள்.

சரி, மாற்றுவது எப்படி? கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தக்கை இருக்கும். முதலில் அதை உடைத்துவிடுங்கள். இனி அதன் மேல் தவறிக்கூடப் பதிய முடியாது. ஹேண்டிகேம் கேசட்டாக இருந்தால் உடைக்க வேண்டாம், தள்ளுகிற தாழ்ப்பாள் இருக்கும். பிறகு கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்த நாடா இளகும். டெக்கின் ஹெட்டைத் துடையுங்கள். டெக்கிலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாகக் கம்ப்யூட்டரில் சேருங்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும்; இதில் குறுக்குவழி கிடையாது. அந்த மூன்று மணி நேரமும் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மினிடிவி கேசட் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாக எடுத்தால் கேசட்டில் உள்ளது அப்படியே, தரம் குறையாமல், கோப்பாக இறங்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும்.

டெக்கிலிருந்து கேப்சர் செய்யும்போது மென்பொருள் அமைப்பில் 'பால்' (PAL) என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டு டிவி நொடிக்கு 25 படம்; அமெரிக்கா, கனடாவில் கிட்டத்தட்ட 30. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் நடந்த கல்யாணக் கேசட்டுகளை டொரொன்டோவில் உள்ள சொந்தக்காரர்கள் அங்கத்திய டெக்கில் போட்டு, படம் உருண்டோடுவதைப் பார்த்துத் திகைத்தது இதனால்தான். அங்கே அதை மாற்றிக் கொடுப்பதே தனித் தொழிலாக இருந்தது.

கேப்சர் செய்த கோப்பைக் கம்ப்யூட்டரில் பார்த்தால், கை அசையும் இடத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரியும். பயப்பட வேண்டாம். பழைய டிவி ஒரு படத்தை ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாகக் காட்டும். அதன் அடையாளம் அது. மூலக் கோப்பில் அதை நீக்காதீர்கள். டிவியில் தானே சரியாகிவிடும்.

இப்போது வெட்டும் வேலை. எனக்கு ஒரே சூத்திரம்தான்: மூலம் ஒன்று, காட்சிக்கு ஒன்று. கேப்சர் செய்த முழுக் கோப்புதான் மூலம். அதில் ஒரு நொடியும் வெட்டக்கூடாது. அதைப் பிரதியெடுத்து, பிரதியில் வெட்டுங்கள். காட்சிக்கான பிரதி ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். விருந்தாளியின் பொறுமை அவ்வளவுதான். கேமரா தரையைப் பார்த்து ஓடியது, லென்ஸ் மூடி போட்டபடியே பதிந்தது, லைட்காரன் கால் தெரிவது போன்றவற்றைக் கழிக்கலாம். ஒருவர் பேசத் தொடங்கினால் முடிக்கும்வரை விடுங்கள். காட்சி மாறும்போது நேரான வெட்டே போதும். பூக் கொட்டுவதெல்லாம் பத்து வருடத்தில் பழசாகிப் பல்லிளிக்கும்.

எதை வைப்பது? நாங்கள் எப்போதும் மேடையைத்தான் வைத்தோம். மணமக்கள் சிலைபோல் நிற்பார்கள், வரிசையாக ஆட்கள் வந்து கவர் கொடுத்துவிட்டுப் போவார்கள், அது நாற்பது நிமிடம் ஓடும். இன்று அந்தப் பழைய கேசட்டுகளைக் கொண்டுவருகிறவர்கள் கேட்பது வேறு. மொய் எழுதும் மேசையைக் காட்டச் சொல்கிறார்கள். ஊர், பேர், தொகை என்று உரக்கப் படிக்கும் குரல் அங்கே இருக்கிறது. இன்று இல்லாத பாதிப் பேர் அந்தக் குரலில் வருகிறார்கள். பந்தியைக் கேட்கிறார்கள். பெண் அழைப்பு ஊர்வலத்தில் பின்னால் தெரியும் ஓட்டு வீட்டையும், இப்போது காம்ப்ளெக்ஸ் நிற்கிற இடத்தில் இருந்த புளியமரத்தையும் கேட்கிறார்கள். எடுத்தவன் குறிவைக்காமல் பதிந்ததுதான் இன்று விலைமதிப்பற்றதாகியிருக்கிறது.

பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொன்னேன் அல்லவா? படத்தில் வருகிறவர் யார், என்ன முறை, எந்த ஊர் என்று அவர் சொல்லச் சொல்ல, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். "12-ஆவது நிமிடம், பச்சைத் துண்டு, காவேரிப்பட்டணம் பெரியப்பா" என்று. பேர் தெரியாத முகம் அடுத்த தலைமுறைக்கு வெறும் கூட்டம்.

வெட்டி முடித்ததை டிவிடியில் போடுவோம். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. "4.38-தானே காட்டுது, ஏமாத்திட்டீங்களா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, கம்ப்யூட்டர் எண்ணும் கணக்கு வேறு, அவ்வளவுதான். அதில் ஒரு மணி நேரம் போட்டால் தரம் அருமையாக வரும், இரண்டு மணி நேரம் போட்டால் பரவாயில்லை, நாலு மணி நேரத்தைத் திணித்தால் முகம் சதுரம் சதுரமாக உடையும். நலங்கு, முகூர்த்தம், மொய், பந்தி என்று அத்தியாயம் பிரித்து மெனு போடுங்கள். குறைந்த வேகத்தில் ரைட் செய்யுங்கள். பதிவை மூடும் 'ஃபைனலைஸ்' வேலையைச் செய்ய மறந்தால் வேறு பிளேயரில் ஓடாது. மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுழலும்போது சமநிலை கெடும். டிஸ்குக்கான பேனாவால் நடு வளையத்தில் மட்டும் எழுதுங்கள்.

ஆனால் டிவிடியைக் காப்புப் பெட்டகம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். நாம் ரைட் செய்யும் டிஸ்கில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் வெளிறும். சித்திரை மாதம் ஜன்னலோரம் கிடந்த டிஸ்க் அடுத்த பொங்கலுக்குத் திக்கித் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது காரணம், டிவிடிக்குள் இருப்பது நசுக்கிய படம். ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு படத்தைத்தான் முழுதாக வைக்கும். நடுவில் உள்ளவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். இரண்டு மணி நேர மினிடிவி 26 ஜிபி என்றால் டிவிடியில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கழிந்த மிச்சம் திரும்பி வராது. டிவிடி பழச்சாறு, கேசட் பழம். சாறு பிழிந்தாயிற்று என்று மரத்தை வெட்டுவாரா மாங்காய்க் காட்டுக்காரர்? மூன்றாவது காரணம் நீங்களே அறிந்தது. புது லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே இல்லை. 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற அந்த நிறுவனமும் 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது.

ஆகவே மூலக் கோப்பு இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில். இன்னொன்று ஓசூரில் மகனிடமோ பெங்களூரில் மகளிடமோ. ஒரே வீட்டில் இரண்டையும் வைத்தால் வெள்ளமோ தீயோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது, போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே டிவிடி மட்டும் வைத்திருப்பவர்கள், அதற்குள் இருக்கும் வீடியோ கோப்புறையை அப்படியே இன்றே கம்ப்யூட்டரில் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். அது இன்னொரு முறை நசுக்கும்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. பணமும் கொட்டகையும் விநியோகமும் இருந்த படம். இன்று அதன் பிரதி இல்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படம் 'கீசக வதம்' கூட இல்லை. நகல் போட்டுக் காட்டியவர்கள் இருந்தார்கள், மூலத்தைக் காத்தவர் இல்லை. நல்ல உதாரணமும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டுடியோக்களைத் தேடிப்போய் அந்தக் குடும்பப் படங்களை டிஜிட்டலாக்கினார்கள். யாரோ ஒருவர் வீட்டுச் சாதாரணக் குடும்பப் படம் இன்று ஆய்வாளர் கையில் வரலாறு. நம் பரணில் இருப்பதும் அந்த வகைதான், கூடவே குரலும் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறுங்கள். கேசட்டை எடுத்துத் தூசி தட்டுங்கள். உறையின் மேல் யார் கல்யாணம், எந்த வருடம் என்று எழுதுங்கள். டெக் கிடைக்கும்வரை அதை மொய் நோட்டு இருக்கும் பீரோவிலேயே, புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். ஓடுகிற டெக் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. கொண்டுவருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் இறக்கித் தருகிறேன். நான் அழித்த குரல்களுக்கு என்னால் செய்ய முடிந்த மொய் அது.